கார் கதவில் இருக்கும் பழைய ஸ்டிக்கரையும் பின்பக்க எழுத்தையும் பெயிண்ட் போகாமல் எடுப்பது எப்படி?

நாகலூர் ரைட்டர்:

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருக்கிறேன். போன மாதம்தான் முதல் கார் வாங்கினேன். 2013 மாடல் வேகன்ஆர், சில்வர் கலர், செகண்ட் ஹேண்ட். இத்தனை வருஷமும் பைக்தான். அம்மாவுக்கு முட்டிவலி வந்த பிறகு, அவரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் ஆஸ்பத்திரிக்குப் போய்வர முடியவில்லை. அதற்காகவே சீட்டு எடுத்து வாங்கிய வண்டி இது.

முன்பு வைத்திருந்தவர் இங்கே தங்கும் அறைகளை வாடகைக்கு விடுபவர். நான்கு கதவிலும் விடுதியின் பெயர், போன் நம்பர், ஒரு படகுப் படம், எல்லாமே சிவப்பு ஸ்டிக்கர். பின்கண்ணாடியில் 'ரூம் கிடைக்கும்'. பானெட்டில் இரண்டு கறுப்புப் பட்டை. டிக்கியில் வண்டியை விற்ற ஷோரூமின் பெயர் குரோம் எழுத்தில் ஒட்டியிருக்கிறது. ஏரிக்கரையில் நிறுத்தினால் போதும், ரூம் என்ன ரேட் என்று கேட்டு வந்துவிடுகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அம்மா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். ஒருவர் கண்ணாடியைத் தட்டிய தட்டில் பயந்து எழுந்துவிட்டார். அன்றைக்கே இதையெல்லாம் எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு, பனி இறங்கிக்கொண்டிருக்கும்போதே, இடது பின்கதவில் ஆரம்பித்தேன். நகத்தால் சுரண்டினால் ஸ்டிக்கர் உரிந்து வரவில்லை, காய்ந்த பூண்டுத் தோல் மாதிரி பொடிப்பொடியாக உடைகிறது. அரை மணி நேரத்தில் ஒரு எழுத்தில் பாதி போனது. பொறுமை இழந்து சவரப் பிளேடு எடுத்தேன். கைப்பிடிக்குக் கீழே பிளேடு வழுக்கி, விரல் கணு நீளத்துக்கு ஒரு கீறல். நகத்தை வைத்து இழுத்தால் அந்த இடத்தில் மாட்டுகிறது. அதோடு நிறுத்திவிட்டேன். இரண்டு நாள் மனசே சரியில்லை.

எஸ்டேட்டில் ஒருவர் தின்னர் என்கிறார், ஒருவர் பெட்ரோல் என்கிறார், இன்னொருவர் அப்படியே விட்டுவிடு என்கிறார். சொந்தக் கையால் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். டிக்கியில் உள்ள எழுத்தை எடுத்தால் அடியில் ஓட்டை இருக்குமா என்பதும் தெரிய வேண்டும். இங்கே மழையும் பனியும் அதிகம், துரு ஏறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

அம்மாபேட்டை லாரிக்காரர்:

தம்பி, இதற்கு இவ்வளவு யோசனை வேண்டாம். தின்னரில் பனியன் வேஸ்டை நனைத்து ஸ்டிக்கர் மேல் பத்து நிமிஷம் போட்டு வையுங்கள், அப்படியே வழித்துக்கொண்டு வந்துவிடும். எங்கள் லாரி கேபினில் பழைய கம்பெனி பெயரை எடுக்க அதைத்தான் செய்தோம்.

குகை பெயிண்டர்:

லாரிக்கார அண்ணா தப்பாக நினைக்க வேண்டாம். கேபினுக்குத் திரும்பப் பெயிண்ட் அடிக்கப் போகிறோம் என்றால் தின்னர் சரி. பெயிண்டைக் காப்பாற்ற வேண்டிய காரில் அதைத் தொடவே கூடாது.

நான் சேலத்தில் குகை என்ற பகுதியில் பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். 26 வருஷத் தொழில். மாதத்துக்கு இரண்டு மூன்று வண்டியாவது இப்படி ஸ்டிக்கர் எடுக்கப் போய்க் கெட்டுத்தான் என்னிடம் வருகிறது. தம்பி பாதியில் நிறுத்தியது நல்ல காரியம். விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் எதன் மேல் கை வைக்கிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள். கம்பெனி பெயிண்ட் ஒரே பூச்சு கிடையாது. தகட்டின் மேல் துரு பிடிக்காமல் இருக்க, பாடியையே தொட்டியில் முக்கி மின்சாரம் கொடுத்து ஏற்றும் கோட் ஒன்று. அதன் மேல் ப்ரைமர். அதன் மேல் கலர். எல்லாவற்றுக்கும் மேலே க்ளியர் கோட். இந்த நாலும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் க்ளியர் மட்டும் சுமார் 40, 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றை எடுத்தால் 70 மைக்ரான் சொச்சம் இருக்கும். சில்வர் மாதிரி மெட்டாலிக் கலருக்கு அந்தப் பளபளப்பைக் காப்பாற்றுவதே இந்த க்ளியர்தான். தலைமுடியை விட மெல்லிய ஒன்றின் மேல் பிளேடு ஓடினால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

இப்போது ஸ்டிக்கர். புதிதாக இருக்கும்போது ரப்பர் மாதிரி இழுபடும். வெயிலில் வருஷக்கணக்கில் நின்றால் அந்த இளக்கம் போய் மொறுமொறுப்பாகிவிடும். அதற்கு மேல் நீங்கள் ஏற்காட்டுப் பனியில், ஆறரை மணிக்கு, சில்லிட்டுக் கிடக்கும் தகட்டில் வேலை செய்திருக்கிறீர்கள். பசையும் கெட்டி, ஸ்டிக்கரும் கெட்டி. அதுதான் பூண்டுத் தோலாக உடைந்தது. இதே ஸ்டிக்கரை சேலத்தில் பதினொரு மணி வெயிலில் எடுத்துப் பாருங்கள், வேறு ஸ்டிக்கர் மாதிரி வரும்.

ஆகவே முதல் வேலை, சூடு. முடிந்தால் வண்டியைக் கீழே கொண்டுவாருங்கள். முடியாவிட்டால் தலை உலர்த்தும் ஹேர் டிரையர் போதும். அதுவும் இல்லையா, வெந்நீரில் முக்கிப் பிழிந்த துண்டை ஒரு நிமிஷம் ஒத்தடம் மாதிரி வையுங்கள். பட்டறையில் நாங்கள் வைத்திருக்கும் ஹீட் கன் உங்களுக்கு வேண்டாம். அதில் 500 டிகிரிக்கு மேலேயே காற்று வரும், ஒரே இடத்தில் பிடித்தால் பெயிண்ட் கொப்பளித்துவிடும், பம்பர் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். டிரையரையும் ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருங்கள். கையின் பின்பக்கத்தைத் தகட்டில் வைத்துப் பாருங்கள். சூடாக இருக்க வேண்டும், ஆனால் ஐந்து எண்ணும் வரை கையை எடுக்காமல் இருக்க முடிய வேண்டும். அதற்கு மேல் சூடாக்கினால் வேறு வம்பு. பசை கஞ்சி மாதிரி இளகி, ஸ்டிக்கர் மட்டும் தனியாக வந்துவிடும், பசை முழுக்க கதவிலேயே தங்கிவிடும்.

ஒரு ஓரத்தை நகத்தால் கிளப்புங்கள். நகம் வலித்தால் பழைய ஏடிஎம் கார்டு எடுத்து அதன் முனைக்குத் துணி சுற்றிக்கொள்ளுங்கள். ஓரம் கிளம்பிய பிறகு வெளியே பார்த்து இழுக்கக் கூடாது. ஸ்டிக்கரைத் தன் மேலேயே திருப்பி மடித்து, கதவை ஒட்டியபடி பின்னுக்கு இழுங்கள். பாய் சுருட்டுகிற மாதிரி. மெதுவாக, ஒரே வேகத்தில். கிழியப் போகிறது என்று தெரிந்தால் நிறுத்தி, இன்னும் கொஞ்சம் சூடு காட்டி, திரும்ப இழுங்கள். ஒரு கதவுக்கு ஒரு மணி நேரம் ஆகட்டும். அவசரப்பட்டு மிச்சம் பிடித்த நேரத்துக்கு அப்புறம் என்னிடம் காசாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

பசை மிச்சம் இருக்கும். முதலில் சோப்புத் தண்ணீரில் துடைத்து மண் போன பிறகுதான் மருந்து. மண்ணோடு தேய்த்தால் அந்த மண்ணே கீறும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட் நல்லது. மண்ணெண்ணெயும் கேட்கும், ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு விடும், பிறகு ஷாம்பு போட்டுக் கழுவ வேண்டும். மெத்தென்ற பனியன் துணியில் நனைத்துப் பசை மேல் அரை நிமிஷம் வைத்து, ஒரே பக்கமாக வழித்தெடுங்கள். வட்டமாகத் தேய்த்தால் பசை உருண்டு உருண்டு பரவும். ஸ்பிரிட், மண்ணெண்ணெய் இரண்டும் தீப்பிடிக்கும் சாமான். டிரையரை அணைத்து எடுத்து வைத்துவிட்டுத்தான் பாட்டிலைத் திறக்க வேண்டும்.

தின்னர், பெட்ரோல், பாத்திரம் தேய்க்கும் நார், இரும்பு பிளேடு, எமரி பேப்பர், இவை எதுவும் கதவுப் பக்கமே வரக் கூடாது.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். வேலை ஆரம்பிக்கும் முன் ஒவ்வொரு கதவும் கம்பெனி பெயிண்ட்தானா என்று பாருங்கள். கதவைத் திறந்து சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கைப் பாருங்கள். ரப்பரின் ஓரத்தில் சில்வர் தூசி படிந்திருந்தால் அந்தக் கதவுக்கு வெளியே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். சாயங்கால வெயிலில் சாய்வாக நின்று பார்த்தால் பக்கத்துக் கதவோடு நிறம் லேசாக மாறும், ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடு பள்ளமும் தெரியும். ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டாத இடத்தில் அடியில் பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி தடியாக இருக்கிறது. அப்படிக் கதவு இருந்தால் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்காகத் தேய்க்காமல் அடித்த பெயிண்ட் என்றால் ஸ்டிக்கரோடு சேர்ந்து உரிந்து வரும்.

ஓமலூர் ஆசிரியை:

டிக்கி எழுத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் அனுபவம் ஒன்று இருக்கிறது, அது உங்களுக்கு நடக்கக் கூடாது.

எங்கள் பழைய வண்டியில் பின்பக்கம் இருந்த கம்பெனி சின்னம் பாதி உடைந்து தொங்கியது. ஸ்க்ரூ டிரைவரை அடியில் கொடுத்து நெம்பினேன். சின்னம் வந்தது, அதன் முதுகில் இரண்டு பிளாஸ்டிக் முள். டிக்கித் தகட்டில் அந்த முள்ளுக்கு இரண்டு ஓட்டை. ஓரத்தில் நெம்பிய இடத்தில் பெயிண்டும் தெறித்திருந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஐப்பசி மழை முடிந்து டிக்கியின் உள் அட்டையைக் கழற்றினால், ஓட்டைக்குக் கீழே துரு கோடு கோடாக வழிந்திருந்தது.

அதனால் நான் சொல்வது, முதலில் டிக்கியின் உள்பக்கம் பாருங்கள். உள் அட்டையின் கிளிப்பைக் கழற்றி, டார்ச் அடித்து, எழுத்து இருக்கும் இடத்துக்கு நேர் பின்னால் முள்ளோ ஓட்டையோ தெரிகிறதா என்று தடவிப் பாருங்கள். விற்பனையாளர் ஒட்டும் பெயர்கள் பெரும்பாலும் டபுள் சைடு டேப்பில்தான் இருக்கும், அவை பிறகு ஒட்டியவை. கம்பெனியே வைக்கும் சின்னங்களில் முள் உள்ளவையும் உண்டு, டேப் மட்டும் உள்ளவையும் உண்டு. முள் இருந்தால் அதை எடுக்காமல் விட்டுவிடுவதுதான் உங்கள் ஊர் மழைக்கு நல்லது.

டேப் என்றால் தூண்டில் நரம்பு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு முனையையும் சின்னக் குச்சியில் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விரலை அறுத்துவிடும். எழுத்தைச் சுற்றிப் பெயிண்டில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். பெயிண்டர் அண்ணா சொன்னபடி சூடு காட்டி, நரம்பை எழுத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் விட்டு, ரம்பம் மாதிரி இப்படியும் அப்படியும் இழுத்தால் நுரை டேப் நடுவில் அறுபடும். புதிய வண்டியில் நானும் கணவரும் அப்படித்தான் எடுத்தோம், ஒரு கோடு கூட விழவில்லை. தகட்டில் தங்கும் நுரையைக் கட்டை விரலால் உருட்டி உருட்டி எடுக்க வேண்டும். அதற்குத்தான் நேரம் பிடிக்கும்.

சூரமங்கலம் வாசி:

கண்ணாடியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வெளிப்பக்கம் வெறும் கண்ணாடி என்றால் புது பிளேடைச் சோப்புத் தண்ணீர் விட்டு, படுத்தவாக்கில் ஓட்டலாம், ஒன்றும் ஆகாது. ஆனால் பின்கண்ணாடியின் உள்பக்கம் பனி போக்கச் சூடேறும் மெல்லிய கோடுகள் இருந்தால் அங்கே பிளேடு கூடாது. ஒரு கோடு அறுந்தாலும் அது வேலை செய்யாது. ஏற்காட்டில் இருப்பவருக்கு அந்தக் கோட்டின் அருமை தெரியும்.

முன்கண்ணாடியில் பழைய உரிமையாளரின் ஃபாஸ்டேக் இருந்தால் முதலில் அவரைக் கூப்பிட்டு அவர் கணக்கிலிருந்து மூடச் சொல்லுங்கள், பிறகு உரியுங்கள். உரித்தால் அது கிழிந்துவிடும், திரும்ப ஒட்ட முடியாது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் முன்கண்ணாடியின் உள்பக்கம் நம்பரோடு ஒட்டியிருக்கும் ஹாலோகிராம் ஸ்டிக்கர் நம்பர் பிளேட்டின் பகுதி. பெட்ரோலுக்கு வெளிர் நீலம், டீசலுக்கு ஆரஞ்சு. வண்டியைச் சுத்தம் செய்கிற வேகத்தில் அதையும் எடுத்துவிடாதீர்கள். கதவுத் தூணில் இருக்கும் டயர் காற்று அளவு ஸ்டிக்கரையும் விட்டுவிடுங்கள்.

நாகலூர் ரைட்டர்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பெயிண்டர் அண்ணா, நீங்கள் சொன்னபடி இன்று நான்கு கதவின் ரப்பரையும் பார்த்தேன். மூன்று கதவு சுத்தம். இடது பின்கதவின் ரப்பர் ஓரம் முழுக்கச் சில்வர் தூசி. நான் பிளேடு போட்ட அதே கதவு. விற்றவர் அந்தக் கதவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொரு சந்தேகம். இங்கே ஏரிக்கரைக் கடைகளில் நீலகிரித் தைலம் விற்கிறார்கள், வீட்டிலும் ஒரு பாட்டில் இருக்கிறது. அது பசையை எடுக்கும் என்று மனைவி சொல்கிறாள். அவள் பாத்திரக் கடை ஸ்டிக்கரையெல்லாம் அதில்தான் எடுப்பாள். காரில் போடலாமா?

குகை பெயிண்டர்:

வீட்டில் சொன்னது சரிதான். தைலம் பசையை நன்றாகவே இளக்கும். ஆனால் அது எவர்சில்வர் பாத்திரம், இது பெயிண்ட். தைலத்தை ஊறவிட்டால் பெயிண்டையும் மிருதுவாக்கிவிடும். துணியில் நாலு சொட்டு விட்டுத் துடைத்து, உடனே சோப்புத் தண்ணீரில் கழுவிவிடுங்கள். முதலில் கதவைத் திறந்தால் மட்டும் தெரிகிற கீழ் ஓரத்தில் ஒரு இடத்தில் தேய்த்துப் பாருங்கள். துணியில் கலர் ஏறினால் அந்தக் கதவில் எதையும் போடாதீர்கள்.

இடது பின்கதவில் நீங்கள் கை வைக்க வேண்டாம். மற்ற மூன்றையும் முடித்துவிட்டு என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

அம்மாபேட்டை லாரிக்காரர்:

பெயிண்டர் சொன்னதைப் படித்தேன். நான் சொன்ன தின்னர் யோசனையை யாரும் காரில் செய்ய வேண்டாம். என் மகன் காருக்கும் ஸ்டிக்கர் எடுக்க வேண்டியிருக்கிறது, இந்த வழியிலேயே செய்யச் சொல்கிறேன்.

நாகலூர் ரைட்டர்:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

அம்மாவுக்குச் சேலத்தில் மருத்துவரைப் பார்க்கும் நாளாகப் பார்த்து, கன்னங்குறிச்சியில் இருக்கும் சித்தி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். மூக்கனேரிப் பக்கம் ஒரு கடையில் தூண்டில் நரம்பு வாங்கினேன். எந்த மீனுக்கு என்று கடைக்காரர் கேட்டார், காருக்கு என்றதும் கூட இரண்டு முழம் அளந்து கொடுத்தார். காலையிலேயே வண்டியைக் கழுவிக் காயவைத்துவிட்டேன். பதினொரு மணிக்கு வலது பக்கக் கதவு நன்றாக வெயில் வாங்கியிருந்தது, டிரையரே தேவைப்படவில்லை. படகுப் படத்தின் ஓரத்தை நகத்தால் கிளப்பினேன். மலையில் பொடிப்பொடியாக உடைந்த அதே ஸ்டிக்கர். மடித்துப் பின்னுக்கு இழுத்தால் வாழைத்தண்டில் நார் உரிகிற மாதிரி வருகிறது. படகு முழுசாக ஒரே துண்டாக வந்தது. தங்கை மகன் அதை வாங்கிப் போய்த் தன் சைக்கிளில் ஒட்டிக்கொண்டான்.

போன் நம்பரில்தான் கஷ்டம். எழுத்து சின்னது, ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். '8' என்ற எண்ணின் நடு வளைவுகள் இரண்டு இடத்தில் அறுந்தன. அங்கே மட்டும் டிரையர் பிடித்தேன். ஒரு இடத்தில் அதிகமாகச் சூடாக்கிவிட்டேன் போல, அண்ணா சொன்னபடியே பசை முழுக்கக் கதவில் தங்கியது. ஸ்பிரிட்டில் துணியை நனைத்து ஒரே பக்கமாக வழித்தேன். முதல் தடவை ஒட்டும், இரண்டாம் தடவை நூல் நூலாகத் திரியும், மூன்றாம் தடவை சுத்தமாக வந்துவிடும். ஒவ்வொரு தடவையும் துணியின் புதுப் பக்கத்தைத் திருப்பினேன். அதைச் செய்யாவிட்டால் எடுத்த பசையையே திரும்பப் பூசுகிறோம் என்பது இரண்டாவது கதவில்தான் புரிந்தது.

டிக்கி எழுத்துக்கு உள் அட்டையைக் கழற்றிப் பார்த்தேன். ஷோரூம் பெயருக்குப் பின்னால் ஓட்டை இல்லை. ஆசிரியை சொன்ன மாதிரியே மாஸ்கிங் டேப், குச்சி, நரம்பு. முதல் எழுத்துக்கு ஐந்து நிமிஷம். நரம்பு நுரைக்குள் போகும்போது 'கரக் கரக்' என்று ஒரு சத்தம், அது அடங்கி லேசானதும் எழுத்து கையில் விழுகிறது. கடைசி எழுத்துக்குள் கை பழகிவிட்டது. நுரையை உருட்டி எடுக்கத்தான் முக்கால் மணி நேரம் ஆனது, கட்டை விரல் சிவந்துவிட்டது. கம்பெனி சின்னத்தைத் தொடவில்லை.

இப்போது ஒரு பிரச்சினை. வலது கதவுகளில் ஸ்டிக்கர் போன பிறகும் சாய்ந்து பார்த்தால் விடுதியின் பெயர் நிழல் மாதிரி தெரிகிறது. விரலால் தடவினால் எதுவும் தட்டுப்படவில்லை. ஆனால் எழுத்து இருந்த இடம் பளிச்சென்றும் சுற்றிலும் மங்கலாகவும் இருக்கிறது. டிக்கியிலும் அப்படித்தான். இது போகுமா?

குகை பெயிண்டர்:

நன்றாகச் செய்திருக்கிறீர்கள் தம்பி. படகு முழுசாக வந்தது என்று படித்தபோது எனக்கே சந்தோஷம்.

அந்த நிழல் பசை அல்ல. ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த பெயிண்ட் இத்தனை வருஷமும் வெயில் பார்க்கவில்லை. சுற்றியுள்ள இடம் வெயிலும் மண்ணும் தண்ணீரும் பட்டு மங்கிவிட்டது. எழுத்து இருந்த இடம்தான் உங்கள் வண்டியின் உண்மையான நிறம். அதனால் நிழலைத் தேய்க்கக் கூடாது. சுற்றியுள்ள மங்கலைத்தான் எடுத்து, அந்த அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

நைஸ் ரப்பிங் கம்பவுண்ட் வாங்குங்கள், கொரகொரப்பானது வேண்டாம். கதவின் மடிப்புக் கோடு, ஓரங்கள், கைப்பிடியைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். அந்த மேடுகளில் பெயிண்ட் எப்போதும் மெல்லியதாக இருக்கும், தேய்த்தால் முதலில் அங்கேதான் போகும். நிழலில், தகடு சில்லென்று இருக்கும்போது செய்யுங்கள். இந்த வேலைக்கு உங்கள் ஏற்காட்டு காலை நேரம் பொருத்தம், வெயிலில் செய்தால் கம்பவுண்ட் காய்ந்து மாவாகிவிடும். ஈரத் துணியில் பட்டாணி அளவு எடுத்து, ஒரு முழத்துக்கு ஒரு முழம் இடமாகப் பிரித்து, லேசாக அழுத்தித் தேய்த்து, துடைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று தடவைக்குள் நிழல் பாதி குறையும். குறையவில்லை என்றால் இன்னும் இன்னும் என்று போகாமல் நிறுத்திவிடுங்கள், க்ளியரில் தேய்க்க அதிகம் இல்லை. முடித்ததும் வேக்ஸ் போடுங்கள். சில்வர் கலர் உங்களுக்கு அதிர்ஷ்டம். சிவப்பாக இருந்திருந்தால் இந்த நிழல் இதைவிட அழுத்தமாக நின்றிருக்கும்.

இடது பின்கதவுக் கீறலில் நகம் மாட்டுகிறது என்றீர்கள். அப்படியானால் க்ளியரைத் தாண்டி உள்ளே போயிருக்கிறது, பாலிஷில் போகாது. தகடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் மேலே மழையில் விடாதீர்கள். கொண்டுவாருங்கள், அந்தக் கதவின் ஸ்டிக்கரையும் நானே எடுத்துவிடுகிறேன். என்னிடம் டிரில்லில் மாட்டும் ரப்பர் சக்கரம் இருக்கிறது, மொறுமொறுத்துப் போன ஸ்டிக்கரை அது எடுத்துவிடும். ஆனால் அடித்த பெயிண்ட் என்பதால் அதையும் யோசித்துத்தான் போடுவேன். உரிந்து வந்தால் அந்தக் கதவை மட்டும் தேய்த்து அடித்துவிடலாம்.

நாகலூர் ரைட்டர்:

சரிங்க அண்ணா. கீறலின் நடுவில் ஊசி முனை அளவுக்குத் தகடு தெரிகிறது. மழை வரும் போலிருந்ததால் சுத்தமாகத் துடைத்து மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.

கம்பவுண்டை வலது பின்கதவில் மட்டும் போட்டுப் பார்த்தேன். காலை ஏழு மணி, பனி. மூன்று தடவைக்குப் பிறகு பெயர் தெரியவில்லை. 'ரூ' மட்டும், அதுவும் இன்ன இடம் என்று தெரிந்து தேடினால்தான் தெரிகிறது. மனைவி வந்து பார்த்துவிட்டு, இது அந்த வண்டிதானா என்று கேட்டாள். நேற்று ஏரிக்கரையில் அம்மாவோடு கால் மணி நேரம் நிறுத்தியிருந்தேன். ஒருவரும் தட்டவில்லை. அம்மா நன்றாகத் தூங்கினார்.

புதன்கிழமை வரட்டுமா?

குகை பெயிண்டர்:

வாருங்கள். இப்போதைக்கு டேப்பே இருக்கட்டும், ஆனால் மழை நனைத்தால் மாற்றிவிடுங்கள், ஈரம் அடியில் தங்கக் கூடாது. காலை ஒன்பது மணிக்கே வந்துவிடுங்கள். சில்வர் கலரைச் சேர்த்துப் பார்க்க நல்ல வெளிச்சம் வேண்டும், பொழுது சாய்ந்தால் கண் ஏமாற்றிவிடும். அம்மாவையும் அழைத்து வந்தால் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வாருங்கள், பட்டறையில் பெயிண்ட் வாசனை ஆகாது.